தாத்தா கட்டாத கில்ட்: வேல்ஸ் நாட்டுக் குடும்பக் கட்டங்களின் கதை

2006 நவம்பர் 3ஆம் நாள் இரவு, வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் உள்ள மில்லேனியம் கலையரங்கம் ஒரே பெயர்க்காரர்களால் நிரம்பியது. மொத்தம் 1,224 பேர். அத்தனை பேருக்கும் குடும்பப் பெயர் ஜோன்ஸ். ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடியதில் அன்றைக்கு அதுவே உலகச் சாதனை. அடுத்த ஆண்டே அயர்லாந்தில் காலகர் பெயர்க்காரர்கள் கூடி அதை முறியடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

அந்த 1,224 பேரும் உறவினர்களா? இல்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த ஜோன்ஸுக்கும் தமக்கும் எந்த இரத்தத் தொடர்பும் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் கார்டிஃப் கடைகளில் இன்று அவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு துணி விற்கப்படுகிறது. அதன் பெயர் ஜோன்ஸ் குடும்ப டார்டன். பக்கத்திலேயே வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ், தாமஸ் என்று வேறு துணிகளும் இருக்கும். திருமணத்துக்கும், மார்ச் 1ஆம் தேதி வரும் புனித டேவிட் நாளுக்கும், ரக்பி ஆட்டத்துக்கும் அந்தத் துணியில் கில்ட் தைத்து அணிகிறார்கள். கேட்டால், “என் முன்னோருக்கு நான் செய்யும் மரியாதை” என்பார்கள்.

அந்த முன்னோர்களில் ஒருவர்கூடக் கில்ட் அணிந்ததில்லை. குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்ற வழக்கமே வேல்ஸில் இருந்ததில்லை. அப்படியென்றால் இந்த மரியாதை உண்மையானதா, கடைக்காரர் விற்கும் கற்பனையா? பாரம்பரிய உடை பற்றிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதும் மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. பதில் நினைப்பதைவிடச் சுவையானது.

கட்டத்துக்குள் ஒரு கணக்கு

முதலில் துணியைப் பார்ப்போம். டார்டன் என்பது பல நிறக் கம்பளி நூல்களைக் கொண்டு நெய்யப்படும் கட்டம் போட்ட துணி. தறியில் நீளவாட்டில் செல்லும் பாவு நூலில் எந்த வரிசையில் நிறங்கள் வருகின்றனவோ, அதே வரிசைதான் குறுக்கே ஓடும் ஊடு நூலிலும் வரும். இரண்டு நூலுக்கு மேல், இரண்டு நூலுக்குக் கீழ் என்று ஊடு நூல் போகும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல் தள்ளிப் போகும். அதனால் துணியை அருகில் வைத்துப் பார்த்தால் மெல்லிய சாய்கோடுகள் தெரியும்.

சிவப்பும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் முழுச் சிவப்பு. சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்த ஒரு புது நிறம். மூன்று நிற நூல் இருந்தால் துணியில் 6 நிறச்சாயல்கள் தெரியும். நான்கு நூலுக்கு 10. ஆறு நூலுக்கு 21. நிறங்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று கூடிய எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை வந்துவிடும். நெசவாளருக்குத் தேவையானது ஒரே ஒரு குறிப்புதான்: எந்த நிறத்தில் எத்தனை இழை, எந்த வரிசையில். அந்தக் குறிப்பு எழுதிய ஒரு துண்டுத் தாள் இருந்தால் உலகின் எந்தத் தறியிலும் அதே கட்டத்தை நெய்துவிடலாம்.

முழு அளவுக் கில்டுக்கு ஏறக்குறைய 8 கெஜம் துணி, அதாவது 7 மீட்டருக்குச் சற்று மேல், தேவைப்படும். நம் வீட்டுப் புடவையைவிட நீளம்! முன்பக்கம் தட்டையாக விட்டு, பின்பக்கம் முழுவதும் கொசுவம் மடித்துத் தைப்பார்கள். ஆண்கள் பாவாடை கட்டுவதா என்று சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. மலாய் ஆண்கள் வீட்டில் கட்டும் கட்டம் போட்ட காயின் பெலிக்காட் நாம் அன்றாடம் பார்ப்பதுதான். அந்தப் ‘பெலிக்காட்’ என்ற பெயரே தமிழகக் கடற்கரையில் உள்ள பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்தது.

ஸ்காட்லாந்தில் நடந்தது

டார்டன் என்றதும் நினைவுக்கு வருவது ஸ்காட்லாந்துதான். அங்கே கட்டம் போட்ட கம்பளித் துணி பழமையானது என்பதில் ஐயமில்லை. கிளென் ஆஃப்ரிக் பகுதியின் சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒரு துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று ஆய்வுகள் காட்டின. அதை 2023இல் டண்டி நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் ‘இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்’ என்ற அட்டவணை அவ்வளவு பழையதன்று. ஒரு பகுதி நெசவாளர் கையில் எந்தச் சாயம் கிடைத்ததோ, அந்தப் பகுதி மக்கள் அதை உடுத்தினார்கள்.

1746இல் கலோடன் போரில் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை தோற்றது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணியத் தடை விதித்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடியும் பிடிபட்டால் ஏழு ஆண்டுகள் நாடு கடத்தல். படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே மாறிவிட்டது.

தடை நீங்கிய பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. 1815இல் லண்டன் மலைநாட்டுச் சங்கம் குலத் தலைவர்களிடம், உங்கள் குலத்தின் டார்டன் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டது. தங்களுடையது எது என்று பல தலைவர்களுக்கே தெரியவில்லை. பேனக்பர்னில் இருந்த வில்சன் நிறுவனம் தன் துணிகளை எண் போட்டு விற்றுவந்தது. காலப்போக்கில் அந்த எண்கள் பல குலப்பெயர்களாக மாறின. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடுகளைக் கவனித்த எழுத்தாளர் வால்டர் ஸ்காட், அனைவரும் டார்டன் உடுத்தி வரவேண்டும் என்றார். தறிகள் இரவு பகலாக ஓடின. மன்னரும் கில்ட் அணிந்தார், உள்ளே இளஞ்சிவப்புக் காலுறையோடு!

1842இல் இரண்டு சகோதரர்கள் ஒரு விலையுயர்ந்த நூலை வெளியிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியிலிருந்து எடுத்தது என்று சொல்லி எழுபதுக்கும் மேற்பட்ட டார்டன்களை அதில் காட்டினார்கள். அந்தக் கையெழுத்துப் படி பொய். ஆனால் அதில் இருந்த கட்டங்கள் பல இன்றும் ‘தொன்மையான குல டார்டன்’ என்று விற்கப்படுகின்றன, அணியப்படுகின்றன. ஆக, எந்த நாட்டிலிருந்து வேல்ஸ் இந்த வழக்கத்தைக் கடன் வாங்கியதோ, அங்கேயே அது இருநூறு ஆண்டுப் பழக்கம்தான்.

பெயரில்தான் சிக்கல்

ஸ்காட்லாந்தில் குலம் என்று ஒன்றாவது இருந்தது. தலைவர் இருந்தார், நிலம் இருந்தது, அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட மக்கள் இருந்தார்கள். வேல்ஸில் குடும்பப் பெயரே வெகு காலம் இருந்ததில்லை. அங்கே பெயர் வைத்த முறையை மற்ற நாட்டவருக்கு விளக்குவதுதான் கடினம். மலேசியத் தமிழ் மாணவருக்கு ஒரு நொடி போதும். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நாம் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்று எழுதுகிறோம். வேல்ஸில் மகனுக்கு ‘அப்’, மகளுக்கு ‘வெர்க்’. ஹவெலின் மகன் ரீஸ் என்றால் ரீஸ் அப் ஹவெல். அவருடைய மகன் ஓவன் என்றால் ஓவன் அப் ரீஸ். தலைமுறைக்குத் தலைமுறை பெயரின் பின்பாதி மாறிக்கொண்டே இருக்கும். பெரிய குடும்பத்தார் தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று ‘அப்’ போட்டுப் போட்டு ஒரு முழ நீளத்துக்கு நீட்டுவார்கள். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தந்தை பெயரையே வைத்துக்கொண்டார்கள். கணவர் பெயருக்கு மாறவில்லை.

1536இலும் 1543இலும் எட்டாம் ஹென்றி மன்னரின் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் ஆட்சிமுறைக்குள் கொண்டுவந்தன. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் ஆனது. ஆங்கில எழுத்தருக்கு நிலையான குடும்பப் பெயர் தேவைப்பட்டது. முதலில் வசதி படைத்தவர்கள் மாறினார்கள். சிற்றூர்களில் பழைய முறை மேலும் பல தலைமுறைகள் தாக்குப் பிடித்தது. எப்போது மாறினாலும், அந்த நேரத்தில் தந்தையின் பெயர் என்னவாக இருந்ததோ, அதுவே உறைந்து குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அப் ஹவெல் சுருங்கிப் பவல் ஆனார். அப் ரீஸ் பிரைஸ் ஆனார். ஓவனின் மகன் போவன், ரிச்சர்டின் மகன் பிரிச்சர்ட், எவனின் மகன் பெவன். 1948இல் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர் அனைரின் பெவனின் பெயரில் அந்தப் பழைய ‘மகன்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

மற்றவர்களுக்கு ஆங்கில முறைப்படி கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்ந்தது. ஜானின் பிள்ளை ஜோன்ஸ். வில்லியமின் பிள்ளை வில்லியம்ஸ். வேல்ஸ் மொழியின் பழைய நெடுங்கணக்கில் ‘ஜ’ ஒலிக்கான ஆங்கில எழுத்தே கிடையாது. அந்த நாட்டில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது! இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச வம்சத்தின் பெயரும் இப்படி வந்ததுதான். அந்த வம்சத்து ஓவன், மரெடித்தின் மகன், டியூடரின் பேரன். தந்தை பெயருக்குப் பதில் தாத்தா பெயர் நிலைத்துவிட்டது. இல்லையென்றால் நாம் வரலாற்றுப் பாடத்தில் மரெடித் வம்சத்தைத்தான் படித்திருப்போம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நாளைக்கே ஒரு சட்டம் வந்து, இன்று தந்தையின் பெயர் சுப்ரமணியம் என்று இருக்கும் அனைவருக்கும் அதுவே குடும்பப் பெயர் என்று அறிவித்தால் எப்படி இருக்கும்? கூலிமில் ஒரு சுப்ரமணியம் குடும்பம், கிள்ளானில் நூறு, ஜொகூரில் இருநூறு. அவர்களுக்குள் ஒரு தொடர்பும் இருக்காது. மூன்று நூற்றாண்டு கழித்து ஒரு துணிக்கடைக்காரர் ‘சுப்ரமணியம் குடும்பச் சேலை’ என்று ஒன்றை விற்கத் தொடங்குகிறார். ஜோன்ஸ் டார்டனின் நிலைமை அதுதான். ஜான் என்ற பெயரில் எத்தனையோ தந்தைமார் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு ஜோன்ஸ் குடும்பம் கிளம்பியது.

அத்தனை ஜோன்ஸ்களையும் ஊரில் எப்படிப் பிரித்தறிந்தார்கள்? பால் விற்பவர் ‘பால் ஜோன்ஸ்’, ரொட்டி சுடுபவர் ‘ரொட்டி ஜோன்ஸ்’. அல்லது அவர் வாழும் பண்ணையின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் பெரியவர்கள் யாரையாவது முதன்முதலில் பார்க்கும்போது “எந்தத் தோட்டம்?” என்று கேட்பார்களே, அதே வழக்கம்தான்.

கம்பளி உண்டு, கில்ட் இல்லை

வேல்ஸ் ஆண்கள் கால்சட்டைதான் அணிந்தார்கள். ஆனால் கம்பளி அவர்களுடைய வாழ்க்கையாகவே இருந்தது. டைஃபி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ட்ரேஃபாக் ஃபெலின்ட்ரே என்ற ஊரைச் சுற்றி நீராற்றலில் ஓடிய ஆலைகள் நிறைய இருந்தன. அங்கே நெய்த முரட்டுக் கம்பளிச் சட்டைகள் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முதுகில் ஏறின. ஊரின் பழைய ஆலை ஒன்றுதான் இன்று தேசியக் கம்பளி அருங்காட்சியகம். குழந்தையைத் தாயின் உடலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டும் பெரிய சால்வை வேல்ஸில் வெகு காலம் வழக்கில் இருந்தது. என்னைக் கேட்டால், வேல்ஸ் முன்னோரை நினைக்கக் கில்டைவிட அந்தச் சால்வையே பொருத்தமானது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு ரக்பி பார்க்கப் போக முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேல்ஸ் ஆண்கள் பாவாடை அணிந்து வரலாற்றில் இடம்பிடித்த நிகழ்வும் ஒன்று உண்டு. 1839 முதல் 1843 வரை மேற்கு வேல்ஸ் விவசாயிகள் சாலைச் சுங்கச் சாவடிகளை இரவில் உடைத்தார்கள். அடையாளம் தெரியாமல் இருக்கப் பெண்கள் உடையில் வந்தார்கள். தலைவருக்கு ரெபெக்கா என்று பெயர் சூட்டினார்கள். ரெபெக்கா கலவரம் என்று புத்தகங்களில் இருப்பது அதுதான். அவர்கள் நினைவாகப் பாவாடை அணிந்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது!

சுற்றுலாப் படங்களில் காணும் உயரமான கறுப்புத் தொப்பியும் சிவப்புச் சால்வையும் கொண்ட வேல்ஸ் பெண்ணின் உடை பழமையானதுதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. அது சிற்றூர்ப் பெண்கள் உடுத்திய உடையிலிருந்து உருவானதே. ஆனால் அதைத் ‘தேசிய உடை’ ஆக்கியதில் லேடி லானோவர் என்ற சீமாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1834இல் கார்டிஃபில் நடந்த ஐஸ்டெத்வோட் கலைவிழாவில், வேல்ஸ் மொழியையும் உடையையும் காப்பதன் பயன் பற்றி அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. மலிவான பருத்தித் துணி வந்து உள்ளூர்க் கம்பளியை விழுங்கிவிடும் என்பது அவருடைய கவலை.

டார்டன் வேல்ஸுக்குள் வந்தது 1960களின் பிற்பகுதியில். அந்தக் காலத்தை நினைவில் வைத்தால் காரணம் புரியும். 1965இல் லிவர்பூல் நகரின் தண்ணீருக்காக ட்ரவேரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, வேல்ஸ் மொழி பேசிய கேப்பல் கெலின் என்ற சிற்றூரை மூழ்கடித்தார்கள். வேல்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. அடுத்த ஆண்டு, வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் சார்பில் குவின்வோர் எவன்ஸ் அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக வெற்றி பெற்றார். 1967இல் வேல்ஸ் மொழிச் சட்டம் வந்தது. ‘நாங்கள் ஆங்கிலேயர் அல்லர்’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட ஏதாவது தேவைப்பட்ட காலம். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் கார்ன்வாலும் நம் கெல்டிக் உறவினர்கள், அவர்களுக்கு உள்ளது நமக்கும் இருக்கட்டும் என்று சிலர் நினைத்தார்கள். கார்ன்வால் 1963இலேயே தனக்கென ஒரு டார்டன் உருவாக்கியிருந்தது.

அப்படிப் பிறந்ததுதான் ‘பிரித்வே டெவி சாண்ட்’, புனித டேவிட் டார்டன். வேல்ஸ் கொடியின் சிவப்பும் பச்சையும் வெள்ளையும் அதில் உண்டு. ‘பிரித்’ என்றால் பல நிறப் புள்ளிகள் கொண்டது; ‘வே’ நெசவைக் குறிக்கும். நாட்டுக்கு ஒரு கட்டம் வந்த பிறகு குடும்பங்களுக்கும் கட்டம் கேட்கத் தொடங்கினார்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஒன்றாக வெளிவந்தன. நடு வேல்ஸில் லான்வுர்ட்டிட் வெல்ஸ் என்ற சிற்றூரின் கேம்பிரியன் கம்பளி ஆலை அவற்றை நெய்தது. சேற்றுக் கால்வாயில் நீந்தும் உலகப் போட்டி ஆண்டுதோறும் நடக்கும் ஊரும் அதுதான். புதுப்புது வழக்கங்களைத் தொடங்கி வைப்பதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை போலும்.

பொய்யும் புதுமையும்

1983இல் வெளிவந்த ‘மரபின் கண்டுபிடிப்பு’ என்ற ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பைப் பல்கலைக்கழகத்தில் வரலாறோ சமூகவியலோ எடுப்பவர்கள் கட்டாயம் சந்திப்பார்கள். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்தது. அதில் ஸ்காட்லாந்து டார்டனைப் பற்றி ஹியூ ட்ரெவர்ரோப்பர் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அடுத்த கட்டுரை வேல்ஸைப் பற்றியது. எழுதியவர் பிரிஸ் மோர்கன். பழமை என்று நாம் நம்பும் பல வழக்கங்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவானவை என்று அந்த நூல் காட்டியது. அதைப் படித்துவிட்டு, ‘எல்லாமே ஏமாற்று’ என்று சொல்வது மாணவர்களுக்கு எளிது. அந்த முடிவு அவசரமானது என்பது என் கருத்து.

யோலோ மோர்கானுக் என்பவரைப் பாருங்கள். உண்மைப் பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ்; கல் கொத்தும் தொழிலாளி, கவிஞர், தேர்ந்த கள்ள ஆவணக்காரர். பழங்காலப் புலவர்கள் நடத்திய சடங்கு என்று சொல்லி 1792இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் ஒரு புலவர் அவையைக் கூட்டினார். அதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. எல்லாம் அவர் மனத்தில் உதித்தது. 1819இல் கார்மார்தன் நகர ஐஸ்டெத்வோட் விழாவில் அந்தச் சடங்கு சேர்க்கப்பட்டது. இன்றைக்கும் தேசிய ஐஸ்டெத்வோடில் நீண்ட அங்கி அணிந்த புலவர் அவை, வெற்றி பெற்ற கவிஞரை மேடைக்கு அழைத்து நாற்காலியில் அமர்த்துகிறது. முழு விழாவும் வேல்ஸ் மொழியில் நடக்கிறது. பொய்யில் பிறந்த ஒரு சடங்கு, உயிருள்ள ஒரு மொழியின் மேடையாகிவிட்டது. பள்ளியில் வேல்ஸ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு மாட்டி அவமானப்படுத்திய 19ஆம் நூற்றாண்டையும் அந்த மேடை தாண்டி வந்தது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 538,000 பேர், மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களில் 17.8 விழுக்காடு.

மோர்கானுக் செய்த தவறு புதிய சடங்கை உருவாக்கியதன்று. அதற்குப் பழைய தேதி போட்டதுதான் தவறு. ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் செய்ததும் அதுவே. ஜோன்ஸ் டார்டன் அணிபவர், “இது என் காலத்தில் நெய்த துணி, என் பாட்டன் வேல்ஸிலிருந்து வந்தவர், அதற்காக அணிகிறேன்” என்று சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. “எங்கள் குடும்பம் ஆயிரம் ஆண்டாக உடுத்திய கட்டம்” என்றால்தான் சங்கடம். இந்த வேறுபாட்டை வேல்ஸ்காரர்கள் பலர் தெளிவாகவே உணர்ந்திருக்கிறார்கள். கில்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. அது ஸ்காட்லாந்துக்காரர்களின் உடை, கல்யாண வாடகைக் கடையின் தந்திரம் என்பது அவர்கள் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது.

வெளிநாட்டில் பிறந்த வேல்ஸ் வம்சாவளியினருக்கு இந்தத் துணி இன்னும் தேவைப்படுகிறது. மொழி போய்விட்டது, ஊர் தெரியாது, கையில் மிஞ்சியது ஒரு பெயர்தான். அந்தப் பெயரை உடுத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் மனம் இளகத்தான் செய்யும். வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். 1865இல் ஏறக்குறைய 150 வேல்ஸ்காரர்கள் ‘மிமோசா’ என்ற கப்பலில் அர்ஜென்டினாவின் பாட்டகோனியாவுக்குக் குடியேறினார்கள். அங்கே அவர்கள் வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினர் இன்றும் ஸ்பானிய மொழியோடு வேல்ஸ் மொழியும் பேசுகிறார்கள். தங்களுக்கென ஐஸ்டெத்வோட் நடத்துகிறார்கள்.

கில்ட் அணிய இரத்த உறவு தேவையா என்றால், நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கோலாலம்பூரின் ஸ்ரீ தஸ்மேஷ் பேக்பைப் குழுவினர் தலைப்பாகையும் கில்டும் அணிந்து 2019இல் கிளாஸ்கோவில் தங்கள் பிரிவில் உலக வாகையர் ஆனார்கள். அவர்கள் யாரும் ஸ்காட்லாந்துக் குலத்தவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. உடையை இசையின் பகுதியாக அணிந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

குடும்ப டார்டனைப் பற்றி எனக்கு உள்ள பெரிய குறை வேறு. நம் ஒவ்வொருவருக்கும் பாட்டன் பாட்டி நால்வர். அவர்களுக்குப் பெற்றோர் எண்மர். இன்னும் இரண்டு தலைமுறை மேலே போனால் 32 பேர். தந்தைவழிப் பெயர் அந்த 32 பேரில் ஒருவருடைய கோட்டை மட்டும்தான் பிடித்துக்கொண்டு வருகிறது. மற்ற 31 பேருக்கும் அந்தத் துணியில் ஓர் இழைகூட இல்லை. திருமணத்துக்குப் பிறகும் தன் பெயரை விட்டுக்கொடுக்காத வேல்ஸ் பெண்களின் வழிவந்தவருக்கு இது பொருத்தமான மரியாதைதானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உண்மையிலேயே முன்னோரைத் தேடுபவர்களுக்கு அபரிஸ்ட்வித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1858க்கு முந்தைய உயில்களையும், ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பழைய செய்தித்தாள் பக்கங்களையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837இல் தொடங்குகிறது. அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள். ஜோன்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் இறங்கினால் கடலில் உப்பைத் தேடுவது போலத்தான். ஊரும் பண்ணையும் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருந்து, பொறுமையும் இருந்து, ஏட்டுக்கு ஏடு பின்னோக்கிப் போனால், ஒரு பக்கத்தில் ஜோன்ஸ் என்ற பெயர் நின்றுவிடும். அங்கே இருப்பவர் வெறும் ஜான். அவர் எவனின் மகன், ‘ஜான் அப் எவன்’. கடையில் எவன்ஸ் துணி அடுத்த தட்டில் இருக்கிறது.